திருமதி க. கையெழுத்துப் போடவில்லை

சாமி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். பிறந்த நாளிலிருந்து உன்னைக் கூப்பிட்ட பெயர் இது. டெல்லியில் சாமி இருக்கா இல்லையா என்று பாடம் நடத்துகிற ஆளாகிவிட்டாய் என்பதற்காக நான் அதை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. உன் புத்தகத்தில் என்னைப் பற்றி வருகிறது என்று சொல்லி நீ தமிழில் அனுப்பிய அத்தியாயம் வந்து சேர்ந்தது. உன் தங்கை பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தாள். முப்பத்தோரு பக்கம். கூடவே ஒரு படிவம். 'இந்த ஆய்வில் என் விருப்பத்தோடு கலந்துகொண்டேன். என்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். அதில் உள்ளவை உண்மை. வெளியிட எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அடித்து, கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு இழுத்திருக்கிறாய். பெற்றவளிடமே ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குகிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். போனில் கேட்டதற்கு, 'ரூல்ஸ்மா, எல்லார்கிட்டயும் வாங்கணும்' என்றாய். சரி, வாங்கு. ஆனால் ஆட்சேபணை இருக்கிறவர்கள் அதை எழுத அந்தப் படிவத்தில் நீ இடமே விடவில்லை. அதனால் தனித் தாள் எடுத்து எழுதுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. புத்தகம் தமிழில் வரும்போது அந்த அத்தியாயத்துக்குப் பின்னால் இதை ஒரு சொல் மாற்றாமல் போடு. என்னைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கிறவர்கள் நான் சொல்வதையும் படிக்கட்டும்.

முதலில் பெயர். நான் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக என்னை 'திருமதி க.' ஆக்கியிருக்கிறாய். 'திருமதி க., ஐம்பத்தொன்பது வயது, ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர், பிளஸ் டூ வரை படித்தவர், ஆழ்ந்த பக்தி உடையவர்.' உன் தங்கை படித்துவிட்டு, 'யாரும்மா இந்தக் க.?' என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன பண்டிகைக்கு நீ வந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குள் போன பிறகும் நீ வெளியே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். 'உள்ள வாடா, அவ ஒன்னத் தின்னுட மாட்டா' என்றேன். 'நான் உள்ள வந்தா, நான் பாக்க வந்தது மாறிடும்மா' என்றாய். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் என் முன்னால் போனை வைத்து ரெக்கார்டு பட்டனை அழுத்தினாய். அழுத்தியதும் உன் குரலே மாறிவிட்டது. 'நீங்க எப்பருந்து சாமி கும்புடறீங்க?' என்று கேட்டாய். பேச்சு வந்த நாளாக என்னை வா, போ என்று பேசிய வாய். அம்மாவையும் அப்பாவையும் நீ என்று கூப்பிடுகிற வீட்டில் திடீரென்று நீங்க வந்தால் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. என்னை எங்கேயோ தள்ளி உட்கார வைத்தது போல இருந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பிள்ளையின் வேலை கெட்டுவிடுமே என்று உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அது என் தப்பு.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன். முதல் வரியே இப்படி: 'திருமதி க., கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறார்.' இந்த வாக்கியத்தை நான் என் ஆயுசில் சொன்னதில்லை. ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுப் பார். நம் ஊரில் வேறு யாரும் சொல்லியும் நான் கேட்டதில்லை. 'உன்னத்தான் நம்பிக்கிட்டு இருக்கறன் ஆத்தா' என்று சொல்லியிருக்கிறேன், ஆயிரம் தடவை. உன் அப்பா, 'இந்த போர நம்பித்தான் தக்காளி நட்டிருக்கறன்' என்கிறார். போர்வெல் இருக்கிறது என்று அவர் நம்புகிறார் என்றா அதற்கு அர்த்தம்? போர் தோட்டத்து மூலையில் கண்ணெதிரே இருக்கிறது. சித்திரையிலும் தண்ணீர் கொடுக்குமா, காயவிட்டு நம்மை நடுத்தெருவில் நிறுத்துமா என்பதுதான் அவர் பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் நான்கூட, 'உங்கள நம்பி வந்துட்டன், பாத்துக்குங்க' என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இருக்கிறாரா என்கிற சந்தேகத்திலா சொன்னேன்? ஒன்று 'என்று நம்புவது', இன்னொன்று ஒருவரை நம்புவது. முதலாவது ஒரு தகவல். சரியா தப்பா என்று பார்த்துவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போகலாம். இரண்டாவதில் நானே போய் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு பக்கமும் முதலாவதைப் பற்றியே எழுதிவிட்டு, அது தப்பு என்று நிரூபித்துவிட்டு, திருமதி க.வைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாய்.

உன் படிப்பை நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதே. உன் படிப்பு எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு கோபம். முதல் வருஷ லீவுக்கு வந்திருந்தபோது நான் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, 'தத்துவம்னா பதில் சொல்றது இல்லம்மா. கேள்விக்குள்ள இருக்கற சொல்ல எடுத்து, இத நம்ம எங்க சொல்றோம், எதுக்குச் சொல்றோம்னு பாக்கறது' என்றாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அங்கன்வாடியில் நான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை நீ ஒரு வரியில் சொல்லிவிட்டாய். ஊர்க்கோடியில் ஒரு பெண்ணின் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. நாலு வயசு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். 'அம்மா எறங்கி இருக்கா டீச்சர், ஊசி போட்டா கோவிச்சுக்குவா' என்றாள். எனக்கு வந்ததே கோபம். 'அம்மாவும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல, எல்லாம் கிருமி' என்று வாசலில் நின்று கத்தினேன். கதவைச் சாத்திவிட்டாள். அந்த ஒரு நாள் போனது என் திமிரால். மறுநாள் கையில் வேப்பிலையோடு போனேன். 'வந்தவள மரியாதையா கூட்டிக்கிட்டே போலாம்மா. ஆட்டோவுல வேப்பல வெச்சுக்கலாம், நானும் கூட வரன்' என்றேன். கிளம்பிவிட்டாள். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து குழந்தை பிழைத்தது.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் நடந்தது கிருமியா அம்மனா என்கிற சண்டை என்று முதல் நாள் நினைத்தேன். அவளுடைய பயமே வேறு. வந்த விருந்தாளியை அவமானப்படுத்திவிடுவோமோ என்பதுதான் அது. கேட்காமலே பதில் சொன்னவள் நான். அவள் வாயில் இருந்த சொல்லை எடுத்து, இதை எதற்குச் சொல்கிறாள் என்று பார்த்திருந்தால் குழந்தைக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நம்புகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள், விட்டுவிடு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குழந்தை செத்திருந்தால் அந்த நம்பிக்கையை நானே காறித் துப்பியிருப்பேன். ஆனால் எதன் மேல் துப்புகிறோம் என்று தெரிந்துகொண்டு துப்ப வேண்டும் அல்லவா? அதற்கு உன் படிப்பு உதவும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். ஊர் உலகத்தில் எல்லோருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கிறாய், அவர்கள் சொல்லைப் பத்துத் தடவை புரட்டிப் பார்க்கிறாய். என்னிடம் வந்ததும் மட்டும் பார்த்தவுடனே விளங்கிவிட்டது உனக்கு.

அடுத்தது பூ. உன் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்குத் தெரியும். ஒரு காரியத்தில் இரண்டு பக்கமும் பேசி, சண்டை போட்டு, யாரும் இறங்கி வராமல் நின்றுவிட்டால் நாங்கள் ஏரிக்கரை அம்மனிடம் பூ கேட்போம். சிவப்பு அரளியை ஒரு காகிதத்திலும் வெள்ளை அரளியை ஒரு காகிதத்திலும் ஒரே மாதிரி மடித்து அவள் காலடியில் போடுவோம். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கேட்கிறவர் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். வெளியே சொன்னால் பூசாரி யாருக்காவது சாதகமாக எடுத்துவிடலாம் என்பதால் அப்படி ஒரு வழக்கம். இதைப் பற்றி நீ, 'இரண்டில் ஒன்று வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. இது வெறும் தற்செயல் என்பது திருமதி க.வுக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். பொட்டலம் மடித்ததே நான். இரண்டு மடித்தால் இரண்டில் ஒன்றுதான் வரும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஊர்க் குழந்தைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்தவள் நான். தெரிந்துதான் கேட்கிறோம். கேட்பது என்றால் என்ன என்றாவது ஒரு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா? தக்காளி விலை ஏறுமா என்று யாரும் பூ கேட்பதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்பதில்லை. கேட்டுவிட்டால் வந்ததற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால் பலபேர் கோயில் வாசல் வரை போய்விட்டுக் கேட்காமலே திரும்பி வந்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் என் மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு, 'கடவுள் இல்லாவிட்டாலும் இந்த நம்பிக்கை திருமதி க.வுக்கு ஆறுதல் தந்திருக்கிறது' என்று முடித்திருக்கிறாய். இந்த ஒரு வரிக்காகவே உன்னை நாலு சாத்துச் சாத்தலாம். தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆறுதல் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்ன ஆறுதல் கண்டேன் என்று இப்போது சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக வேறு எதையோ எழுதித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ பிளஸ் டூ முடித்த வருஷம். சேலத்தில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்துவிட்டது. நீ சென்னைக்குப் போய்த் தத்துவம்தான் படிப்பேன் என்று நின்றாய். உன் அப்பா, 'தத்துவம் படிச்சு ஊர் ஊரா ஜோசியம் பாக்கப் போறானா?' என்று கேட்டார். பத்து நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நீ சாப்பாட்டைத் தொடவில்லை, அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் நான். கடைசியில் அவரே, 'அம்மன்கிட்ட கேட்டுருவம். அவ என்ன சொல்றாளோ அதுக்கு நானும் கட்டுப்படறன், அவனும் கட்டுப்படட்டும்' என்றார். நீயும் சரி என்றாய். உனக்கு அப்போதே அதில் நம்பிக்கை இல்லை. பாதி வாய்ப்பு கிடைக்கிறதே என்று சரி சொன்னாய் என்பதை உன் அத்தியாயத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். யார் பக்கமும் சாய மாட்டேன் என்று என்மேல் அவருக்கு அவ்வளவு உறுதி.

வெள்ளை வந்தால் நீ சென்னைக்குப் போகலாம், சிவப்பு வந்தால் சேலம் என்று மனசுக்குள் நினைத்தேன். கண்ணை மூடி மூன்று தடவை நினைத்தேன். பூசாரி எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு. உன் அப்பா பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றிருந்தார். 'என்ன நெனச்ச புள்ள?' என்று கேட்டார். நீ கொஞ்சம் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பத்து நாள் சாப்பிடாத முகம். 'செவப்பு வந்தா போவட்டும்னு நெனச்சங்க' என்றேன்.

அவ்வளவுதான். உன் அப்பா மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து, 'அவளே சொல்லிட்டா, அப்பறம் நான் யாரு' என்று உன் தோளில் கை வைத்தார். அடுத்த வாரம் அவரே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சென்னையில் சேர்த்துவிட்டு வந்தார். 'அந்தத் தற்செயல்தான் என்னைத் தத்துவத்துக்கு அனுப்பியது' என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாயே, தற்செயலா? அது வந்தபடி விட்டிருந்தால் நீ இன்று சேலத்தில் படித்துவிட்டு ஓசூரில் ஏதாவது கம்பெனியில் இருந்திருப்பாய். உன்னை அனுப்பியது நான். அவள் வேண்டாம் என்றாள், நான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஆறுதலைக் கேள். பதினாறு வருஷம். நீ ஒரு நாள் போன் எடுக்கவில்லை என்றால் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பேன். ஹாஸ்டலில் உனக்கு டெங்கு வந்து ரத்தத்தில் என்னவோ குறைந்துவிட்டது என்று தகவல் வந்தபோது உன் அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். உச்சி வெயில், கோயிலில் ஆள் இல்லை. கெஞ்சினேன் என்று நினைக்காதே. 'பொய் சொன்னவ நான். கேக்கணும்னா என்னக் கேளு. அவன் மேல கை வெச்சின்னா இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டன்' என்று கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்புறம் உன்னைப் பிழைக்க வைத்தது டாக்டர்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் கத்தியது யாரிடம் என்று நீ சொல்ல வேண்டும். 'இருக்கிறார்' என்கிற ஒரு கருத்திடம் யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா?

அவள் இல்லையோ என்றும் நான் நினைத்திருக்கிறேன். நீ மட்டும்தான் நினைப்பாய் என்று எண்ணாதே. இல்லை என்றால் எனக்கு எவ்வளவு நல்லது என்று யோசித்துப் பார். என் பொய் வெறும் சின்னப் பொய்யாகிவிடும். பயம் போய்விடும். பல நாள் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, யாரும் இல்லை, ரெண்டு காகிதம், ரெண்டு பூ, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் நான் செய்தது ஏமாற்று என்பது போகவில்லை. அவளையா, உன் அப்பாவையா, இரண்டு பேரையுமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு படிப்பு இருக்கும் என்றால் அது உன் படிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மைக் வைத்தே சொல்வார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று தெரிந்தே ஒரு மனுஷி ஒருத்தியை நம்பி, அவளையே மீறி, அவளுக்கே பயந்து, அவளோடேயே சண்டை போட்டுக்கொண்டு இருப்பது என்ன மாதிரி இருப்பு என்று யார் எழுதுவார்கள்? நீ எழுதுவாய் என்று பார்த்தேன். ஆறுதல் என்று எழுதி அனுப்பியிருக்கிறாய்.

சரி, பதினாறு வருஷம் மூடி வைத்ததை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். உன் படிவத்தால்தான். 'அதில் உள்ளவை உண்மை' என்று இருக்கிறது. சிவப்பு வந்தால் போகலாம் என்று அம்மா நினைத்தார், சிவப்பு வந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். வாயால் ஒரு தடவை சொன்ன பொய்யை இப்போது கையாலும் எழுதித் தரச் சொல்கிறாய். அது என்னால் ஆகாது. உன்னிடம் சொன்னால் அச்சில் வரும், அச்சில் வந்தால் உன் அப்பாவுக்குத் தெரியும். உன் புத்தகத்திலிருந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் முந்தாநாள் காலையில் நானே சொன்னேன்.

மண்டிக்குப் போகத் தக்காளி பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தோம். பழுத்தது தனி, பாதி சிவந்த செங்காய் தனி. பாலக்கோட்டு மண்டியில் அவர் உன் பேச்சை எடுக்காத நாள் இல்லை என்று உனக்குத் தெரியும். 'என் பையன நான் அனுப்பல, அம்மனே அனுப்பி வெச்சா' என்று வாரத்துக்கு ஒருத்தரிடமாவது சொல்லுவார். உனக்கு வேலை கிடைக்காமல் நாலு வருஷம் இருந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் கேலி பேசினார்கள். அப்போதும் அவர் அசையவில்லை. 'அவ சொன்னது வீணாப் போவாது' என்றார். எனக்குத்தான் அந்த நாலு வருஷமும் தூக்கம் இல்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் பொறுக்கிக்கொண்டே இருந்தார். பழுத்ததை எல்லாம் செங்காய்க் கூடையில் போடுவதைப் பார்த்தேன். 'ஏங்க, அது இல்லங்க' என்றேன். நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'அப்ப இத்தன வருசம் நான் யார நம்பிக்கிட்டு இருந்தன்?' என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். என்னைத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவரை ஏமாற்றியவள் அதை எப்படிச் சொல்வது? அம்மனைத்தான் என்று சொல்லலாம். அவள் சொன்னதோ வேறு. யாரையும் இல்லை என்று சொன்னால், உனக்கு வேலை இல்லாத நாலு வருஷம் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது எது? அது பொய்யா? சொன்னது பொய், சரி. நம்பினதும் பொய்யாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை, சாமி. அன்றிலிருந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். உன் தங்கை கேட்டால், 'தோட்டத்துல வேல இருக்கு' என்கிறார். கோயில் பக்கம் போகவில்லை, என்னோடும் பேசவில்லை.

நான் செய்ததற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். திரும்பவும் அந்தப் பூ அந்தக் கையில் வந்தால், உன் முகம் அப்படி இருந்தால், திரும்பவும் அதையேதான் சொல்லுவேன். அவளிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் மட்டும்தான் எனக்குத் தலை குனிவு.

இப்போது உன் முறை. நம்பிக்கையைப் புரிந்துகொள்ளத் தத்துவம் என்ன செய்ய முடியும் என்பதுதானே உன் புத்தகமே. உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். டிக்கெட் போட்டு வந்து, ரெக்கார்டு எதையும் அழுத்தாமல், மோட்டார் ரூமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லு. அவரை நீங்க என்று கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார், பார்த்துக்கொள். தெரியாது என்பதுதான் உன் பதில் என்றால் அதையாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நீ சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தட்டோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து என் கையால் ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டால், அன்றைக்கே படிவத்தில் நீ இழுத்த கோட்டின் மேல் என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை அந்தப் புத்தகத்தில் நான் இல்லை.

உன் அம்மா